தாமஸ் மிட்ஜ்லி: உங்கள் வீட்டு ஏ.சி.க்கும் மான்ட்ரியால் ஒப்பந்தத்துக்கும் நடுவில் நிற்கும் மனிதர்

1930 ஏப்ரல். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வேதியியலாளர்கள் கூட்டம். மேடை ஏறிய 40 வயதுப் பொறியாளர் ஒருவர், தான் கொண்டுவந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்தார். பிறகு எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியின் மேல் மெதுவாக ஊதினார். சுடர் அணைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வாயு விஷமும் இல்லை, தீப்பிடிக்கவும் செய்யாது. இரண்டையும் ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார்.

அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி. அந்த வாயு, பின்னாளில் ஃப்ரியான் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்பனையான சி.எஃப்.சி.-12. அதை ஒழிப்பதற்காகவே 57 ஆண்டுகள் கழித்து கனடாவின் மான்ட்ரியாலில் உலக நாடுகள் கூடின. ஓசோன் படலத்தைக் காப்பாற்றப் போடப்பட்ட அந்த ஒப்பந்தம், புவி வெப்பமாதலைக் குறைப்பதற்கென்றே போடப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தைவிடப் பெரிய வேலையைச் செய்து முடித்தது என்பதுதான் இதில் ஆச்சரியம். அது எப்படி நடந்தது என்று புரிய, மிட்ஜ்லியின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பூண்டு நாற்றமும் ஈயமும்

1889 மே 18-இல் பென்சில்வேனியா மாகாணத்தின் பீவர் ஃபால்ஸில் பிறந்தவர் மிட்ஜ்லி. வளர்ந்தது ஒஹாயோ மாகாணத்தில். அப்பாவும் கண்டுபிடிப்பாளர்தான், டயர் தொடர்பான வேலைகளில் இருந்தவர். 1911-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிட்ஜ்லி வாங்கியது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பட்டம். வேதியியலை அவர் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டார்.

1916-இல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் நடத்திய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்தக் கூடம் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. அப்போது கார் உலகத்தின் பெரிய தலைவலி நாக்கிங். இன்ஜினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும். சக்தி குறையும், இன்ஜினும் கெடும். பெட்ரோலில் எதைக் கலந்தால் இது நிற்கும்?

மிட்ஜ்லி கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார். டெல்லூரியம் கலந்தபோது பலன் இருந்தது. ஆனால் பூண்டு நாற்றம் மாதிரி ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை. கடைசியில் 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் சிக்கியது. கொஞ்சம் கலந்தாலே போதும், நாக்கிங் காணாமல் போனது.

ஈயம் விஷம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி இல்லை. பல நூற்றாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எத்தில் ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பதும் மிட்ஜ்லிக்குத் தெரியும். ஆனால் ஆல்கஹாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஈயச் சேர்மத்துக்கு வாங்கலாம். விற்பனைக்கு வந்தபோது பெயரில் ஈயத்தைக் காட்டாமல், எத்தில் என்று மட்டும் வைத்தார்கள்.

1923 தொடக்கத்திலேயே மிட்ஜ்லிக்கு ஈய நச்சு ஏறி, ஓய்வுக்காக ஃபுளோரிடா போக வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பித்துப் பிடித்தவர்கள்போல் ஆனார்கள். 5 பேர் இறந்தார்கள். பத்திரிகைகள் கேள்வி கேட்டன. உடனே நிருபர்களைக் கூட்டி, அவர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார் மிட்ஜ்லி. தனக்கே அந்த விஷம் ஏறியிருந்தது தெரிந்தும்தான் இதைச் செய்தார்.

1925-இல் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. 1926-இல் ஒரு குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்றது. அதன்பிறகு உலகமே ஈய பெட்ரோலில் ஓடியது. இந்தியாவில் 2000-இல் அது நின்றது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்.

அந்த ஐந்து பாட்டில்கள்

இரண்டாவது கண்டுபிடிப்பின் கதை வேறு. இணையத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, உலகத்தையே நாசமாக்கிய மனிதர் என்று மீம் போடுகிறார்கள். அது முழு நியாயம் இல்லை.

1920-களில் ஃப்ரிட்ஜ் என்பது வீட்டுக்குள் வைத்த ஆபத்து. உள்ளே ஓடியது அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு போன்ற வாயுக்கள். குழாய் கசிந்தால் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடும் அபாயம் இருந்தது. பெர்லினில் ஒரு குடும்பமே அப்படி இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் கசியாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள் என்றால், பிரச்சினையின் அளவு புரியும்.

ஃப்ரிஜிடேர் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தம். 1928-இல் கெட்டரிங், பாதுகாப்பான குளிர்விப்பு வாயு ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி மிட்ஜ்லியிடம் சொன்னார். மிட்ஜ்லியும் ஆல்பர்ட் ஹென்னும் தனிம அட்டவணையை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். எது தீப்பிடிக்காது, எது விஷம் குறைவு என்று கழித்துக்கொண்டே வந்தபோது மிஞ்சியது ஃப்ளூரின். தனியாகப் பார்த்தால் அது பயங்கரமான விஷம். ஆனால் கார்பனோடு அது போடும் பிணைப்பு அவ்வளவு உறுதி. உடையாது என்பதால் யாரையும் ஒன்றும் செய்யாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

தயாரிப்புக்குத் தேவையான ஆன்டிமனி ட்ரைஃப்ளூரைடு கிடைத்தது சின்னச் சின்ன பாட்டில்களில், மொத்தம் 5. ஏதோ ஒன்றை எடுத்து வாயுவைத் தயாரித்து ஒரு கினிப் பன்றியிடம் காட்டினார்கள். அது பாட்டுக்கு இருந்தது. இரண்டாவது பாட்டிலில் தயாரித்தபோது, அந்தக் கினிப் பன்றி செத்துவிட்டது. தேடிப் பார்த்தால், மீதி நான்கு பாட்டில்களிலும் ஈரம் கலந்த கலப்படம். அதனால் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் கூடவே உருவாகியிருந்தது. முதலில் கை வைத்தது நல்ல பாட்டிலாக இல்லாமல் போயிருந்தால், ஆய்வை அங்கேயே மூட்டை கட்டியிருப்பார்கள். இதை மிட்ஜ்லியே பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார்.

1930-இல் ஜெனரல் மோட்டார்ஸும் டூபாண்டும் சேர்ந்து தயாரிப்பு நிறுவனம் தொடங்கின. ஃப்ரிட்ஜ் சமையலறைக்குள் தைரியமாக வந்தது. ஏ.சி. பரவியது. பிறகு ஸ்ப்ரே டப்பா, நுரை மெத்தை, மின்னணுப் பாகங்களைக் கழுவுவது என்று சி.எஃப்.சி. இல்லாத இடமே இல்லை.

இந்த வாயு மேலே போய் என்ன செய்யும் என்று மிட்ஜ்லி யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்க அப்போது வழியே இல்லை. ஓசோன் வானத்தில் எப்படி உருவாகிறது என்ற அடிப்படை விளக்கத்தை சிட்னி சாப்மன் வெளியிட்டதே அதே 1930-இல்தான். காற்றில் இருக்கும் துளி சி.எஃப்.சி.யை அளக்கும் கருவி வரவே இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஈயத்தில் தெரிந்தே மறைத்தார். சி.எஃப்.சி.யில் உண்மையாகவே நல்லதைச் செய்ய நினைத்தார். இந்த வித்தியாசத்தை மீம் சொல்லாது.

1940-இல் அவரைப் போலியோ தாக்கியது. கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்துத் தானே ஓர் அமைப்பைச் செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறுகளிலேயே சிக்கி இறந்துகிடந்தார். வயது 55. விபத்தா, தற்கொலையா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அப்போது அவர் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவர். பெர்கின், ப்ரீஸ்ட்லி என்று பெரிய பதக்கங்கள் எல்லாம் ஏற்கெனவே அவர் வீட்டில் இருந்தன.

உடையாததுதான் பிரச்சினை

1974-இல் கலிஃபோர்னியாவில் மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். எதோடும் வினை புரியாத இந்த வாயு கடைசியில் எங்கே போகிறது? கீழே எதுவும் அதை உடைக்காது, மழையும் கரைக்காது. அது மெல்ல மேலேறி ஸ்ட்ராட்டோஸ்பியரை அடைகிறது. அங்கே புற ஊதாக் கதிர் மட்டும்தான் அதை உடைக்கும். உடைந்ததும் வெளிவரும் குளோரின், ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கும். ஒரே குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடும். எந்தக் குணத்துக்காக மிட்ஜ்லி அதைத் தேர்ந்தெடுத்தாரோ அந்தக் குணம்தான் வில்லன்.

அடுத்த ஆண்டு இன்னொரு பக்கம் தெரியவந்தது. இதில் ஒரு தமிழர் வருகிறார். மிட்ஜ்லி இறந்த அதே 1944 நவம்பரில் பிறந்தவர் வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஃப்ரிட்ஜ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். குளிர்விப்பு வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் அங்கே அவருக்குக் கொடுத்த வேலை. பிறகு அமெரிக்கா போய், நாசாவில் ஆய்வு செய்தபோது 1975-இல் சயன்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரை, சி.எஃப்.சி. ஓசோனை மட்டும் தாக்கவில்லை, பூமியையும் சூடாக்குகிறது என்று காட்டியது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் 10,000 மடங்கு அளவுக்கு! புவி வெப்பம் என்றால் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் என்று இருந்த காலம் அது.

சி.எஃப்.சி.-12 காற்றில் சராசரியாக 100 ஆண்டுகள் தங்கும். மிட்ஜ்லி உயிரோடு இருந்தபோது கசிந்த வாயுவில் கணிசமான பங்கு இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

மான்ட்ரியால் ஏன் ஜெயித்தது?

1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் துளை இருப்பதை பிரிட்டன் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, மான்ட்ரியால் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலில் முடிவானது சி.எஃப்.சி.யைப் பாதியாகக் குறைப்பது மட்டும்தான். பிறகு 1990-இல் லண்டன், 1992-இல் கோபன்ஹேகன் என்று கூடிக் கூடி இறுக்கினார்கள். வளர்ந்த நாடுகள் 1996-க்குள்ளும் வளரும் நாடுகள் 2010-க்குள்ளும் நிறுத்த வேண்டும் என்றானது.

வளரும் நாடுகள் சும்மா தலையாட்டவில்லை. ஃப்ரிட்ஜ் இப்போதுதான் எங்கள் வீடுகளுக்கு வருகிறது, ஓட்டை போட்டது நீங்கள், மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு யார் காசு தருவது என்று இந்தியாவும் சீனாவும் மல்லுக்கு நின்றன. அதன் விளைவாக லண்டனில் பலதரப்பு நிதியம் உருவானது. அது கையில் வந்த பிறகே, 1992-இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இன்னொரு பிடியும் இருந்தது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு இந்த வாயுக்களில் வியாபாரம் செய்யக் கூடாது. வெளியே நிற்பது நஷ்டம் என்பதால் எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

1997-இல் வந்த கியோட்டோ ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பிடி இல்லை. அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. வளரும் நாடுகளுக்கு இலக்கும் இல்லை. நியாயமாகச் சொன்னால், எதிரியும் வேறு. சி.எஃப்.சி.யைத் தயாரித்தவை சில நிறுவனங்கள்தான். அவற்றில் பெரியதான டூபாண்ட், பல ஆண்டுகள் மறுத்துவந்து, 1988-இல் தானே நிறுத்துவதாக அறிவித்தது. மாற்று வாயு அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு அப்படியா? அடுப்பு, பைக், மின்நிலையம், சிமென்ட் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது.

மான்ட்ரியால் தடுத்த வெப்பமாக்கும் வாயுக்களின் அளவு, கியோட்டோ முதல் கட்டத்தில் வைத்த குறைப்பு இலக்கைப்போல 5 முதல் 6 மடங்கு என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கியோட்டோவின் பட்டியலில் சி.எஃப்.சி. கிடையாது. மான்ட்ரியால் பார்த்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது உங்கள் ஏ.சி.க்குள்

சி.எஃப்.சி. போன இடத்துக்கு வந்தது எச்.எஃப்.சி. குளோரின் இல்லை, ஓசோனுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வெப்பத்தை அடைத்துவைக்கும் வேலையில் அதுவும் குறைச்சல் இல்லை. கார் ஏ.சி.களில் ஓடிய எச்.எஃப்.சி.-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறக்குறைய 1,400 மடங்கு சூடாக்கும். அதனால் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் மறுபடி கூடின. ஓசோனுக்கு எந்தத் தீங்கும் செய்யாத வாயுவை, வெப்பமாக்குகிறது என்ற காரணத்துக்காக மட்டும் மான்ட்ரியால் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். இது முழுசாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 0.5 டிகிரி வரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்பது கணக்கு.

இந்தியா 2021-இல் கிகாலித் திருத்தத்தை ஏற்றது. 2028-இல் எச்.எஃப்.சி. பயன்பாட்டுக்கு உச்சவரம்பு. 2032-இலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047-இல் 85 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 வேறு வகை. அதற்குத் தனிக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏ.சி.யின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-32 என்று இருந்தால் வெப்பமாக்கும் அளவு 675 மடங்கு. ஆர்-410ஏ என்றால் 2,000-ஐத் தாண்டும். ஆர்-290 என்றால் ஒற்றை இலக்கம்தான். ஆர்-290 என்பது வேறொன்றுமில்லை, புரோப்பேன், நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று. நன்றாகத் தீப்பிடிக்கும். பெரிய குளிர்பதனக் கிடங்குகளிலும் அம்மோனியாதான் ஓடுகிறது. 1928-இல் மிட்ஜ்லியை எதிலிருந்து தப்பிக்க வழி தேடச் சொன்னார்களோ, ஏறக்குறைய அந்தப் பட்டியலுக்கே தொழில்துறை திரும்பிக்கொண்டிருக்கிறது. இந்த முறை வாயுவின் அளவுக்கு வரம்பு உண்டு, கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் உண்டு. கேஸ் நிரப்ப வரும் மெக்கானிக்குக்கு அதற்கான பயிற்சி இருக்கிறதா என்று கேட்பது மட்டும் வாங்குபவர் பொறுப்பு.