வில்லியம் கல்

சர் வில்லியம் வித்தி கல் (டிசம்பர் 31, 1816 - ஜனவரி 29, 1890) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற மருத்துவர் ஆவார். உணவை மறுத்து உடல் மிகவும் மெலிந்து போகும் பசியற்ற உளநோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்னும் பெயரைச் சூட்டியவர் இவரே. விக்டோரியா மகாராணியின் மருத்துவர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

கல், கோல்செஸ்டர் நகரில் தம் தந்தையாரின் சரக்குப் படகில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவரைத் தாயார் வளர்த்தார். 1837இல் இலண்டனிலுள்ள கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து, 1846இல் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1869இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1871இல் டைபாய்டு காய்ச்சலால் உயிருக்குப் போராடிய வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்குச் சிகிச்சை அளித்தமைக்காக 1872இல் சர் பட்டம் பெற்றார்.

பசியற்ற உளநோய்

1866இல் 17 வயதுப் பெண் ஒருவர் இவரிடம் அழைத்து வரப்பட்டார். உடல் எலும்பும் தோலுமாக இருந்தது, மாதவிடாய் நின்றிருந்தது, நாடித்துடிப்பு குறைந்திருந்தது. ஆயினும் அவர் ஓய்வின்றி இயங்கிக் கொண்டேயிருந்தார். காசநோய் முதலியவற்றின் அறிகுறிகள் எவையும் காணப்படவில்லை. காரணம் உள்ளத்தில் இருப்பதாகக் கல் முடிவு செய்தார். இரண்டு ஆண்டுகளில் அப்பெண் நலமடைந்தார்.

1868இல் ஆக்சுபோர்டில் ஆற்றிய உரையில் இந்நோயைச் செரிமானக் குறைவைச் சுட்டும் பெயரால் குறிப்பிட்டார். உண்ட உணவு செரிப்பதைக் கண்டபின், பசியின்மை என்னும் பொருள்படும் அனோரெக்சியா என்பதே பொருத்தம் எனக் கருதினார். இளைஞர்களான ஆண்களிடமும் இந்நோய் காணப்பட்டதால், பெண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட ஹிஸ்டீரியாவின் பெயரை நீக்கி, நெர்வோசா என்ற சொல்லைச் சேர்த்தார். 1873இல் இலண்டனில் வாசித்த இக்கட்டுரை 1874இல் அச்சானது. பிரான்சு நாட்டு மருத்துவர் லசேக் என்பவரும் 1873இல் இந்நோயைத் தனியே விவரித்துள்ளார்.

சிகிச்சை முறை

நோயாளியின் விருப்பத்தை எதிர்பாராமல், குறித்த இடைவெளிகளில் உணவு கொடுக்க வேண்டும். உடலை வெப்பமாக வைத்திருக்க வேண்டும் என்பன இவர் கூறிய வழிகள். உறவினர்கள் இப்பணிக்கு ஏற்றவர் அல்லர் எனவும் கருதினார். இன்றைய மருத்துவம் இக்கருத்திலிருந்து மாறுபடுகிறது. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்ப வழிச் சிகிச்சையில், வளரிளம் பருவத்தினருக்கு உணவூட்டும் பொறுப்பு பெற்றோரிடமே ஒப்படைக்கப்படுகிறது. நெடுநாள் பட்டினியாக இருந்தவருக்குத் திடீரென மிகுதியாக உணவளித்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டு குறைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதும் இன்று அறியப்பட்டுள்ளது.

இந்தியாவில்

தில்லி மருத்துவர்கள் 1995இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய ஐந்து இளம்பெண்கள் குறிப்பிடப்படுகின்றனர். உணவு மறுப்பும் வாந்தியும் எடையிழப்பும் இருந்தபோதும், மேலைநாட்டு நோயாளிகளைப் போல் தம் உடல் தோற்றம் பற்றிய தவறான எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. இதனால் இந்நோய் வயிற்றுக் கோளாறு எனத் தவறாகக் கருதப்பட வாய்ப்புண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி மக்களுக்கு அருகிலுள்ள பெரிய மனநல மருத்துவமனை, பெங்களூரு ஓசூர் சாலையில் அமைந்துள்ள நிம்ஹான்ஸ் ஆகும்.

மறைவு

1887இல் பக்கவாதத்தால் தாக்குண்ட கல், 1890இல் இலண்டனில் காலமானார். இவரைக் கொலையாளி ஜாக் தி ரிப்பருடன் தொடர்புபடுத்தி 1970களில் பரவிய கதையை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை.