சைக்கிள் மன்னரை வீழ்த்திய கொசு

சைக்கிளை மிதித்துப் பிழைத்தவர்கள் உலகில் கோடிக்கணக்கானோர். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் தீப்பெட்டி ஆபீசுக்கும், பட்டாசுத் தொழிற்சாலைக்கும், அச்சாபீசுக்கும் தொழிலாளர்களைப் பல காலம் கொண்டுபோய்ச் சேர்த்தது சைக்கிள்தான்.

அதே சைக்கிளை மிதித்து, ஒரு நாட்டு மக்கள் மன்னரைப்போலக் கொண்டாடும் நிலைக்கு உயர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பவுஸ்டோ கோப்பி. இத்தாலி நாட்டுக்காரர்.

உயர்ந்த மலைகள் அவரைத் தடுக்க முடியவில்லை. யுத்தம் அவரை முடக்க முடியவில்லை. பலமுறை எலும்பு முறிந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தார். கடைசியில் அவரை வீழ்த்தியது ஒரு கொசு! அதைவிடப் பரிதாபம், அவரைக் காப்பாற்றக்கூடிய மருந்து அப்பொழுதே உலகம் பூராவும் இருந்தது.

கறிக்கடைப் பையன்

1919-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, இத்தாலியின் வட பகுதியில் காஸ்டெலானியா என்ற மலைக் கிராமத்தில் கோப்பி பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். ஐந்து குழந்தைகள். கோப்பி நான்காவது பிள்ளை. அவருக்கு அடுத்தவன் செர்ஸே. அண்ணனும் தம்பியும் இணை பிரியாதவர்கள்.

சிறுவன் கோப்பி ஒல்லியாக இருப்பான். கால்கள் மட்டும் நீளம். 8 வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டினான். ஆசிரியர் விடவில்லை. சைக்கிள் ஓட்டாமல் பள்ளிக்கு வரவேண்டும் என்று 100 முறை எழுத வைத்தார். அப்படியும் சைக்கிள் ஆசை போகவில்லை.

பதின்மூன்று வயதில் படிப்பை விட்டான். நோவி லிகூரே என்ற பட்டணத்தில் ஒரு கறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வீடு வீடாகப் போய் இறைச்சி கொடுத்து வருவது அவன் வேலை. மேடும் பள்ளமுமான அந்தப் பாதைகளில் பாரம் ஏற்றிச் சைக்கிள் மிதித்ததே அவனுக்குப் பயிற்சியாக அமைந்தது.

கோப்பியின் தந்தையுடன் பிறந்த ஒருவர் கப்பலில் வேலை பார்த்து வந்தார். பந்தயச் சைக்கிள் வாங்க அவர் பணம் கொடுத்தார். 15-வது வயதில் கோப்பி முதல் பந்தயத்தில் கலந்துகொண்டு ஜெயித்தான். பரிசு என்ன தெரியுமா? 20 லிரா காசும், இறைச்சி வைத்த ரொட்டித் துண்டும்தான்!

கண்ணில்லாத குரு

நோவி லிகூரேயில் காவன்னா என்று ஒருவர் இருந்தார். முன்னாள் குத்துச் சண்டை வீரர். கண் பார்வையை இழந்தவர். சைக்கிள் வீரர்களின் உடம்பைப் பிடித்துவிட்டு, அவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வந்தார். கறிக்கடைப் பையனின் கால்களைக் கைகளால் தடவிப் பார்த்தே அவனுடைய திறமையை அறிந்துகொண்டார். என்ன சாப்பிட வேண்டும், எப்பொழுது தூங்க வேண்டும், எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும் என்பதை எல்லாம் அவரே வகுத்துக் கொடுத்தார்.

1940-ல் இத்தாலி சுற்றுப் பந்தயம் நடந்தது. 3,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைப் பல நாட்களில் ஓட்டி முடிக்க வேண்டும். கோப்பியின் கோஷ்டிக்குத் தலைவர் பிரபல வீரர் பார்டலி. அவருக்குத் துணையாகவே கோப்பியைச் சேர்த்திருந்தார்கள். வழியில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்ததால் பார்டலி கீழே விழுந்து காயம் அடைந்தார். துணைக்கு வந்த கோப்பி முன்னேறினார். பந்தயத்தையும் வென்றார். அப்பொழுது அவருக்கு வயது 20.

பந்தயம் முடிந்தது ஜூன் 9-ந் தேதி. மறுநாளே இத்தாலி உலக யுத்தத்தில் குதித்தது.

கைதி முகாமில் முடி வெட்டினார்!

யுத்தத்தின் நடுவிலும் கோப்பி ஒரு சாதனை செய்தார். 1942 நவம்பர் 7-ந் தேதி மிலான் நகரப் பந்தய மைதானத்தில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினார். 45 கிலோமீட்டருக்கு மேல் கடந்தார். இந்தச் சாதனையை 1956 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு அவரை ஆப்பிரிக்காவில் சண்டைக்கு அனுப்பினார்கள். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையினரிடம் சிறைப்பட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கைதி வாழ்க்கை. சைக்கிள் இல்லை. பயிற்சி இல்லை. வீரனின் உடம்புக்கு வேண்டிய சாப்பாடும் இல்லை. முகாமில் முடி வெட்டும் வேலை செய்தார். ஒரு பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தார். கத்தரிக்கோலுடன் நின்றவர் உலகப் புகழ் பெற்ற கோப்பி என்பதை அறிந்து திடுக்கிட்டுப் போனார்!

பயிற்சியை விட்ட உடம்பு சீக்கிரம் இறங்கிவிடும். திரும்ப ஏற்றுவதற்குத்தான் நாளாகும். 1945-ல் விடுதலையான கோப்பி முதலில் இருந்து தொடங்கினார். காலையில் எழுந்து ஓட்டினார், நேரத்துக்குச் சாப்பிட்டார், நேரத்துக்குத் தூங்கினார். 1946 மார்ச்சில் மிலான் நகரில் இருந்து சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் 14 நிமிஷம் கழித்தே வந்து சேர்ந்தார்!

அண்ணனும் தம்பியும்

அதன் பிறகு கோப்பிக்கு நிகர் கோப்பிதான். இத்தாலி சுற்றுப் பந்தயத்தில் 5 முறை வெற்றி. பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் 2 முறை வெற்றி. பிரான்ஸ் பந்தயத்தின் தூரம் 1949-ல் சுமார் 4,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் போவதைவிட அதிகம்! இந்த இரண்டு பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரர் அவரே. 1949-ல் அதைச் செய்தார். 1952-ல் மறுபடியும் செய்தார்.

1949-ல் ஒரு நாள் ஐந்து மலைக் கணவாய்களைக் கடக்க வேண்டியிருந்தது. 192 கிலோமீட்டர் தூரம் கோப்பி தன்னந்தனியாக முன்னால் போனார். பார்டலி ஏறக்குறைய 12 நிமிஷம் பின்தங்கி வந்தார்.

ஆனால் அவருடைய எலும்புகள் உறுதியானவை அல்ல. 1950-ல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 1951-ல் தோள் பட்டை எலும்பு முறிந்தது. ஒவ்வொரு முறையும் பல வாரம் படுக்கை. ஒவ்வொரு முறையும் கால்களின் பலம் குறையும். மறுபடியும் பயிற்சி.

1951 ஜூன் 29-ந் தேதி பெரிய இடி விழுந்தது. அன்று டூரின் நகரில் ஒரு பந்தயம். தம்பி செர்ஸேயின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கியது. செர்ஸே கீழே விழுந்தார். தலையில் அடி. பெரிய காயம் எதுவும் வெளியே தெரியவில்லை. எழுந்து சைக்கிளில் ஏறிப் பந்தயத்தை முடித்தார். ஓட்டலுக்கும் போனார். அங்கே தலைவலி ஆரம்பித்தது. உள்ளே மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்றே இறந்துபோனார்.

தம்பியின் சாவு கோப்பியை உலுக்கிவிட்டது. பந்தயத்தை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார். ஆனாலும் மறு ஆண்டு பிரான்சில் 28 நிமிஷ வித்தியாசத்தில் வென்றார். 1953-ல் உலகச் சாம்பியன் பட்டமும் பெற்றார்.

இறங்கு முகம்

34 வயதுக்கு மேல் வெற்றிகள் குறைந்தன. குடும்ப வாழ்விலும் புயல் வீசியது. பத்திரிகைகள் அவரைத் தூற்றின. 1957-ல் மறுபடியும் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பழைய வேகம் திரும்பவில்லை. ஒரு காலத்தில் அவருக்குப் பின்னால் திணறியவர்கள் அவரை முந்திச் சென்றார்கள்.

அப்படியும் அவர் சைக்கிளை விடவில்லை. 1960-ம் ஆண்டுக்கு ஒரு புதிய கோஷ்டியில் சேர ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தக் கோஷ்டியை நடத்துபவர் யார்? பழைய போட்டியாளர் பார்டலி! இருவரும் மறுபடி ஒரே கோஷ்டியில் சேரப்போகிறார்கள் என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆப்பிரிக்கப் பயணம்

1959 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள அப்பர் வோல்டா நாட்டில் இருந்து அழைப்பு வந்தது. இப்பொழுது அந்த நாட்டின் பெயர் புர்கினா பாசோ. அங்கே ஒரு சைக்கிள் பந்தயம். பிறகு காட்டில் வேட்டை. கோப்பியும், பிரான்ஸ் நாட்டு வீரர் ஜெமினியானியும், இன்னும் சில பிரபல வீரர்களும் போனார்கள். டிசம்பர் 13-ந் தேதி பந்தயம் நடந்தது.

கோப்பியும் ஜெமினியானியும் ஒரே அறையில் தங்கினார்கள். அறை முழுவதும் கொசு. இரவெல்லாம் இருவரையும் பிடுங்கி எடுத்தது. அவர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேட்டையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

மலேரியாக் கிருமி உடம்புக்குள் புகுந்ததும் காய்ச்சல் வராது. முதலில் ஈரலில் தங்கிப் பெருகும். ஒரு வாரமோ, இரண்டு வாரமோ கழித்துத்தான் ரத்தத்தில் இறங்கும். அதுவரை மனிதன் நன்றாகவே நடமாடுவான். கொசு கடித்ததையே மறந்துபோவான். அதுதான் ஆபத்து.

கிறிஸ்துமஸ் முடிந்தது. கோப்பிக்குக் கடும் காய்ச்சல். குளிர் நடுக்கம். இத்தாலியில் அப்பொழுது குளிர் காலம். குளிர் காலத்தில் காய்ச்சல் வந்தால் சளிக் காய்ச்சல் என்றே யாரும் நினைப்பார்கள். டாக்டர்களும் அப்படியே நினைத்தார்கள். பிறகு நுரையீரலில் சளி கட்டியதாகக் கருதினார்கள். அதற்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். நோய் ஏறிக்கொண்டே போனது.

அங்கே பிழைத்தார், இங்கே இறந்தார்

இதே சமயம் பிரான்சில் ஜெமினியானியும் அதே காய்ச்சலில் விழுந்தார். நினைவிழந்து கிடந்தார். அங்கிருந்த டாக்டர்கள் அவருடைய ரத்தத்தைப் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது: மலேரியா! அதிலும் மூளையைத் தாக்கும் கொடிய வகை. உடனே கொய்னா மருந்து கொடுத்தார்கள். பல நாள் எமனோடு போராடி ஜெமினியானி பிழைத்தார்.

அவருடைய குடும்பத்தார் கோப்பி வீட்டுக்கும் டெலிபோன் செய்து விஷயத்தைச் சொன்னார்கள். ஆனால் இத்தாலி டாக்டர்கள் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

டோர்டோனா நகர ஆஸ்பத்திரியில், 1960 ஜனவரி 2-ந் தேதி காலை, கோப்பியின் உயிர் பிரிந்தது. வயது 40.

ஒரே அறை. ஒரே கொசுக் கடி. ஒரே நோய். ஒருவருக்கு ரத்தத்தைப் பார்த்தார்கள், ஒருவருக்குப் பார்க்கவில்லை. ஜெமினியானி 2024 வரை வாழ்ந்தார்.

2002-ல் கோப்பிக்கு ஆப்பிரிக்காவில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. விசாரணை நடந்தது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. விஷம் வைத்தது கொசுதான்.

பலசாலியையும் விடாத நோய்

இவ்வளவு பலசாலியை ஒரு காய்ச்சல் எப்படி ஒரு வாரத்தில் சாய்த்தது? சைக்கிள் வீரனின் பலம் அவன் ரத்தத்தில் இருக்கிறது. நுரையீரலில் இருந்து பிராண வாயுவைச் சுமந்து கால்களுக்குக் கொண்டுபோவது ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள். மலேரியாக் கிருமி அந்த அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகி அவற்றை வெடிக்கச் செய்கிறது. கொடிய வகை மலேரியாவில், கிருமி புகுந்த அணுக்கள் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. உடற்பயிற்சியால் இதைத் தடுக்க முடியாது. மருந்துதான் தடுக்கும்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். கொய்னா மருந்துக்கான சின்கோனா மரங்கள் 1860-களிலேயே நீலகிரியில் பயிராயின. சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா கண்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1953-ல் சர்க்கார் தொடங்கிய ஒழிப்பு வேலையால் அது பெரிதும் குறைந்தது. ஆனாலும் அடியோடு ஒழியவில்லை. ஒரிசா, சத்தீஷ்கர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகளில் இன்றும் உண்டு. நம் ஊர்களிலும் மூடாத தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் அந்தக் கொசு முட்டை இடுகிறது.

விஸ்வநத்தத்தில் இருந்தும் சிவகாசியில் இருந்தும் பட்டாசு ஏற்றிக்கொண்டு லாரிகள் வடநாட்டுக்குப் போகின்றன. டிரைவர்களும் கிளீனர்களும் வழியில் லாரியிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் குளிர் காய்ச்சல் வந்தால், மழையில் நனைந்தது என்று சுக்குக் கஷாயத்தோடு இருந்துவிடக் கூடாது. எந்த ஊருக்குப் போய்வந்தோம் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும். காசு கிடையாது. நோய் தெரிந்துவிட்டால் இப்பொழுது கொய்னாவைவிட நல்ல மருந்துகளும் இருக்கின்றன.

கோப்பியின் இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கான மக்கள் மலை ஏறி வந்தார்கள். அந்த மலைக் கிராமத்தில் அண்ணனும் தம்பியும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இத்தாலி சுற்றுப் பந்தயம் ஆண்டுதோறும் கடக்கும் மலைப் பாதைகளில் மிக உயரமான இடத்துக்கு, 1965 முதல், கோப்பி சிகரம் என்று பெயர். 2019-ல் அவர் பிறந்து 100 ஆண்டு ஆனபோது, அவருடைய ஊரும் தன் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அது இப்பொழுது காஸ்டெலானியா கோப்பி.