கண்ணாடியிற் கடலைக் காட்டியவர்

நமது கல்லூரியின் பிராணி சாஸ்திரச் சாலையிலே சாராயப் புட்டிகளில் அடைபட்டிருக்கும் கடற்பிராணிகளை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். மீனுக்கு முள்ளும் நண்டுக்கு ஓடும் உண்டு. ஆதலின் அவை உருக்குலையாதிருக்கின்றன. சொறிமீனும் கடற்சாமந்தியுமோ நிறம் வெளுத்து, உடல் சுருங்கி, இன்னதென்று அறியவொண்ணாமற் போகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பண்டிதர்களை வருத்திய இக்குறையைத் தீர்த்தவர் ஒரு பண்டிதரல்லர். நகைத்தொழிலும் கண்ணாடித்தொழிலும் பயின்ற லியோப்போல்ட் பிளாஷ்கா என்னும் கைவினைஞர்.

இவர் 1822-ம் ஆண்டு பொஹீமியா நாட்டிலே கண்ணாடி வேலை செய்யும் குடும்பத்திற் பிறந்தார். 1850-ல் மனைவியை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தார்; இரண்டாண்டிற்குள் தந்தையும் மறைந்தார். துயரம் ஆற்றாது 1853-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அசோர்ஸ் தீவுகளுக்கருகே காற்று நின்றுவிடவே, கப்பல் இரு வாரங்கள் அசையாது நின்றது. உடன் வந்தோர் சலித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. இவரோ இருண்ட நீரிலே ஒளிவீசி மிதந்த சொறிமீன்களைக் கண்டு வியந்து, பிடித்துப் பார்த்துப் படம் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடியையொத்த அவ்வுடல்களைக் கண்ணாடித் தொழிலாளர் ஒருவர் கண்டது நல்லூழே என்போம்.

ஊர் திரும்பியபின் பொய்க்கண்களும், பொழுதுபோக்காகக் கண்ணாடிப் பூக்களும் செய்துவந்தார். அப்பூக்களின் புகழைக் கேட்ட திரெஸ்டன் நகரப் பொருட்காட்சிசாலைத் தலைவர் ரைக்கன்பாக் என்பார், 1863-ல் கடற்சாமந்தி உருவங்கள் செய்து தருமாறு வேண்டினார். முதலிற் செய்தவை காஸ் என்னும் ஆங்கிலேயரின் நூற்படங்களைப் பார்த்துச் செய்தவை. வினைத்திறம் பெரிதே, ஆயினும் அது படத்தைப் பார்த்து எழுதிய படம் என்பது நம் கருத்து. பின்னர் ஹெக்கல் முதலிய சாஸ்திரிகள் நூல்கள் கொடுத்துதவினர். திரெஸ்டனிலே கடல் இல்லை. ஆதலால் உயிருள்ள பிராணிகளை வருவித்து வீட்டுத் தொட்டிகளில் வளர்த்து, மைந்தர் ருடால்புடன் நாள்தோறும் உற்றுநோக்கினார்.

விளக்குச் சுடரிலே கண்ணாடியை இளக்கி, இடுக்கியால் இழுத்து, மெல்லிய செப்புக்கம்பியாலும் பசையாலும் இணைத்து, வேண்டுமிடத்து வண்ணந் தீட்டுவர். இரகசியக் கருவி ஏதோ உண்டென்று பலர் பேசினர். அத்தகைய கருவி இல்லையென்றும், தலைமுறை தலைமுறையாய் வளர்ந்த கைப்பழக்கமே உண்டென்றும் அவர் எழுதினார். இவ்விருவர் கைப்பட்ட கடலுருவங்கள் பல்லாயிரம். உலகெங்குமுள்ள காட்சிசாலைகளும் கல்லூரிகளும் அவற்றை வாங்கின. 1890-ல் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குக் கண்ணாடித் தாவரங்களை மட்டுமே செய்வதாக உடன்பட்டபின், கடற்பிராணிகள் செய்வது நின்றது. 1895-ல் லியோப்போல்ட் காலமானார். மைந்தர் தனித்து நின்று 1936 வரை பூக்களைச் செய்துவந்தார்.

அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலை 1885-ல் வாங்கிய ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் காலப்போக்கிற் பழுதுற்று மறக்கப்பட்டிருந்தன. அங்குக் கடல்நூற் பேராசிரியையாயிருந்த டுரூ ஹார்வெல் அவற்றைப் பேணி, ஒவ்வோர் உருவத்திற்கும் மூலமான பிராணி இன்னும் கடலில் வாழ்கின்றதா என்று அறிய, படம்பிடிக்கும் கலைஞர் ஒருவருடன் நீரில் மூழ்கித் தேடினார். 2016-ல் அதைப்பற்றி நூலும் எழுதினார். சில பிராணிகள் எளிதில் அகப்பட்டன. சிலவற்றையோ நெடிது தேடியே காண நேர்ந்தது.