ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் (1860 – 1936)



பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை நாரந்தனையில் வாழும் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விளக்கு அணைந்தால் கிணற்றினுள் ஒட்சிசன் குறைவு என அறியலாம். ஆனால், விளக்கு அணையாதிருக்கும்போதே மனிதரைக் கொல்லக்கூடிய வாயுவும் உண்டு. அதனை ஆராய்ந்து பல உயிர்களைக் காத்தவரே ஜோன் ஸ்கொட் ஹோல்டேன்.

இவர் 1860 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். 1884 இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். டண்டியில் வீடுகளினதும் பாடசாலைகளினதும் வளியை ஆராய்ந்தார். பின்னர் ஒக்ஸ்போர்டில் உடற்றொழிலியல் ஆய்வில் ஈடுபட்டார்.

1896 இல் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்ரவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். சுரங்கத்துக்கு நேரிற் சென்ற ஹோல்டேன் உடல்களைப் பரிசோதித்தார். பெரும்பாலானோர் வெடியினால் அன்றி, அதன்பின் பரவிய காபனோரொட்சைட்டினாலேயே இறந்தனர் எனக் கண்டார். இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. இது ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்கிற்கும் மேலாக உறுதியாகப் பிணைவதால் உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காது போகும். இதன் விளைவுகளை அறிய அவர் தாமே இதனைச் சுவாசித்துப் பார்த்தவர்.

சிறு விலங்குகள் விரைவாகச் சுவாசிப்பதால் இந்நஞ்சு அவற்றை முதலில் தாக்கும். எனவே எலி அல்லது கனேரிப் பறவையைச் சுரங்கத்தினுள் கொண்டு செல்லுமாறு ஆலோசனை கூறினார். பிரித்தானியச் சுரங்கங்களில் கனேரிகளின் சேவை 1986 வரை நீடித்தது.

1904 இல் கோர்ன்வால் சுரங்கத் தொழிலாளரின் நோய்க்குக் காரணம் பாறையைத் துளைக்கும்போது எழும் கற்றூசியே என அவரும் சக ஆய்வாளரும் அறிக்கையிட்டனர். நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகள் சுவாசப்பையில் தங்கித் தழும்பை உண்டாக்கும். காசநோயும் எளிதிற் பற்றும். நீர் தெளித்துத் தூசியை அடக்குவதே இதற்குரிய தடுப்பு முறையாகும்.

1915 ஏப்ரல் 22 இல் ஈப்பர் போர்முனையில் ஜேர்மனியர் நச்சுவாயுவை ஏவினர். அங்கு அனுப்பப்பட்ட ஹோல்டேன் அது குளோரின் என உறுதிசெய்தார். சுவாசப்பையில் நீர் நிரம்பச் செய்யும் அவ்வாயுவையும் தாமே சுவாசித்துப் பார்த்து, பாதுகாப்பு முகமூடி ஆய்வில் பங்கேற்றார்.

1934 இல் கொப்லி பதக்கம் பெற்ற இவர் 1936 மார்ச்சில் காலமானார். இவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹோல்டேனும் அறிவியலாளரே, 1957 இல் இந்தியாவில் குடியேறி, 1964 இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

மாணவர்களே, கிணற்றினுள் நீரிறைக்கும் இயந்திரத்தை இறக்கி இயக்கினால் அதன் புகையிலும் காபனோரொட்சைட்டு இருக்கும். அப்போது விளக்கு எரிவதை நம்பி எவரையும் இறங்க விடாதீர்கள். மயங்கி வீழ்ந்தவரைத் தூக்க உடனே உள்ளே குதிப்பவரும் அதே வாயுவுக்கு இரையாவார் என்பதை மறவாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. காபனோரொட்சைட்டைக் கண்டறிய விளக்கு உதவாது. கனேரிப் பறவை உதவும். காரணம் தருக.
2. கற்றூசி, குளோரின் என்பன சுவாசப்பைக்கு விளைவிக்கும் தீங்குகளை ஒப்பிடுக.