யார் இந்த சித்தார்த்த கௌதம்? 377-ஐ நீக்கச் சொல்லி 1991-லேயே கேட்டவர்!

வீக்கெண்டில் மாமல்லபுரம் போய் ரூம் எடுத்துத் தங்கும் ஆண் ஜோடியின் உறவு, 2018 வரை சட்டப்படி குற்றம். ஆண், பெண் இரு பாலர் மீதும் ஈர்ப்பு கொண்ட பைசெக்‌ஷுவல்களின் நிலைமை இன்னும் விசித்திரம். ஒரு உறவுக்குத் தடையில்லை; இன்னொரு உறவுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. காரணம், ஆங்கிலேயர் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு.

அதை நீக்கச் சொல்லி ஆரம்பத்திலேயே குரல் கொடுத்தவர்களில் ஒருவர், டெல்லியைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் சித்தார்த்த கௌதம்.

எய்ட்ஸ் பயத்தில் தொடங்கிய கதை

1986-ல் நம்ம சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் கண்டறியப்பட்டன. நாடு முழுக்கப் பயம். பாலியல் தொழிலாளர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை, தொற்று இருந்தால் அடைத்து வைப்பது என நடவடிக்கைகள் தொடங்கின. இதை எதிர்த்துக் கிளம்பிய சின்னக் குழுதான் 'எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்'. எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு இயக்கம் என்று அர்த்தம். அதைத் தொடங்கியவர்களில் சித்தார்த்தும் ஒருவர்.

நோயைவிட, நோயாளி மீதான வெறுப்புதான் ஆபத்து என்பது இவர்கள் நிலைப்பாடு. போலீஸுக்கும் சட்டத்துக்கும் பயந்து ஒளிபவர் எப்படி டாக்டரிடம் உண்மையைச் சொல்வார்? அந்தக் கேள்வி நேராக 377-ல் போய் நின்றது.

பிங்க் புத்தகம்

1991-ல் இந்தக் குழு, 'லெஸ் தேன் கே' என்ற அறிக்கையை வெளியிட்டது. இந்தியாவில் தன்பாலீர்ப்பாளர்களின் நிலையைப் பேசிய அதற்கு, அட்டையின் நிறத்தால் 'பிங்க் புத்தகம்' என்றே பேர். 377-ஐ நீக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை.

அடுத்த வருஷமே, 1992-ல், சித்தார்த்த கௌதம் புற்றுநோயால் இறந்தார். வயது வெறும் 28.

அவருக்குப் பிறகு

நண்பர்கள் விடவில்லை. திகார் சிறைக் கைதிகளுக்கு ஆணுறை தர அதிகாரிகள் மறுத்ததும், 1994-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 377-க்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 2001-ல் அது தள்ளுபடியானது. அதே வருஷம் நாஸ் ஃபவுண்டேஷன் புது வழக்கோடு வந்தது. 2009-ல் வெற்றி, 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வி. கடைசியில், 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிங்க் புத்தகம் வந்து 27 வருஷம் ஆகியிருந்தது. இருந்திருந்தால், சித்தார்த்துக்கு அப்போது ஐம்பத்து சொச்சம் வயதுதான்.