பறவை நோக்கிய மா. கிருஷ்ணன்

பங்குனி மாதத்தில் புங்க மரங்கள் தளிர்விடும். அப்போது பொம்மனஹள்ளியில், ஓசூர் சாலையின் இரைச்சல் எழுமுன்பே குயில் கூவத் தொடங்கிவிடும். விடுமுறை நாளில் இட்லிப் பொட்டலத்துடன் மடிவாளா ஏரிக்கரையில் சென்று அமர்ந்தால், கூழைக்கடாவும் நீர்க்காகமும் கொக்கும் தம் காலை உணவைத் தேடுவதைக் காணலாம். இவ்வாறு அவசரமின்றி உயிர்களை நோக்குவதையே வாழ்க்கையாகக் கொண்டவர் மா. கிருஷ்ணன்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் இளையவர். தந்தை அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை எழுதியவர். குடும்பம் மயிலாப்பூரில் குடியேறியது. இன்று நம்புவது கடினம். அந்நாளில் அங்குப் புதர்களுக்கிடையே நரியும் முயலும் திரிந்தன. பதினொரு வயதில் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தார். 1925இல் மாதவையா, பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் வாதிட்டுப் பேசினார்; பேசி அமர்ந்ததும் உயிர்நீத்தார். மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் பயின்றார்; சட்டமும் படித்தார். ஆயினும் ஏற்ற வேலை எளிதில் கிடைக்கவில்லை. 1942இல், இன்றைய கர்நாடகத்தின் பள்ளாரி மாவட்டத்திலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. அங்கு ஆசிரியர், நீதிபதி, அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஓய்வு நேரத்தில் குன்றுகளில் அலைந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். கடிதம் கொண்டு செல்லப் புறாக்களை வளர்த்தார். கன்னடம் பேசும் அந்த மண்ணே அவருக்கு உண்மையான கல்லூரியாக விளங்கியது எனலாம்.

1949இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னை திரும்பினார். நிலையான ஊதியத்தை நாடாமல் எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பி வாழ முற்பட்டார். குடும்பம் உடையவருக்கு அது எளிய முடிவன்று. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு பெரிய ஒளிப்படக் கருவியை அமைத்துக்கொண்டார். வண்ணப்படம் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். யானையை ஆராய்ந்த அதே கவனத்துடன் காகத்தையும் மைனாவையும் அணிலையும் நோக்கினார்.

ஆங்கிலத்தில் புகழ்பெற்றும் அவர் தமிழை விடவில்லை. காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் கட்டுரைகள் எழுதினார். அவர் மறைந்தபின் அவற்றைத் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். மழைக்காலமும் குயிலோசையும் என்பது அந்நூலின் பெயர். குயில் குளிர்காலத்தில் பெரும்பாலும் வாய் திறவாது. இளவேனில் வந்ததும் கூவும். அவ்வாறு கூவுவது கரிய ஆண்குயில். பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளுடன் இலைகளுக்கிடையே மறைந்திருக்கும். காகத்தின் கூட்டில் முட்டையிடும்.

1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைத் தொடரை 46 ஆண்டுகள் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்தபோதுதான் அத்தொடர் நின்றது.