கண்ணிழந்தும் கலங்காத கூரத்தாழ்வான்

திருவிழாக் காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வரும் அடியார்களுள் பலர், நெஞ்சின் ஓரத்தில் ஒரு கேள்வியையும் சுமந்து வருகின்றனர். குற்றமற்றவன் தண்டிக்கப்படுவதும், குற்றம் புரிந்தவன் குறைவின்றி வாழ்வதும் ஏன்? உலகனைத்தையும் ஆள்பவன் ஒருவன் இருக்க, இது எங்ஙனம் நிகழ்கின்றது? இக்கேள்வியை ஆயிரம் ஆண்டுகட்கு முன்பு தம் உடம்பிலேயே ஏற்று நின்ற மகான் ஒருவரின் திருச்சரிதத்தைக் குருபரம்பரை நூல்கள் கூறும் வழியே இங்குச் சிந்திப்போம்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூரில், கி.பி. 1010ஆம் ஆண்டு, தை மாதம் ஹஸ்த நட்சத்திரத்தில் திருவவதரித்தவர் கூரத்தாழ்வான். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவர்தம் இயற்பெயர். பெருஞ்செல்வர். நாள்தோறும் அன்னதானம் முடிந்து இரவில் அவர் மாளிகைக் கதவுகள் சாத்தப்படும் ஓசை காஞ்சித் திருக்கோயில் வரை கேட்குமாம். அவ்வோசையைப் பெருந்தேவித் தாயாரே வியந்து வினவினாள் என்று அறிந்த அன்றே, தம் செல்வம் இப்படியா முழங்குவது என்று நாணி, அனைத்தையும் துறந்து தேவிமார் ஆண்டாளுடன் திருவரங்கம் புறப்பட்டார். கணவர் நீர் அருந்துவதற்கென்று ஆண்டாள் ஒரு பொன்வட்டிலை மடியில் மறைத்து எடுத்து வந்திருந்தாள். காட்டு வழியில் அவள் அஞ்சக் கண்டவர், அச்சத்திற்குக் காரணம் அதுவே என்று அறிந்து அதனையும் வீசி எறிந்தார். அரங்கத்தில் உஞ்சவிருத்தியே அவர்க்கு வாழ்வாயிற்று.

உடையவராகிய இராமானுசர் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்தபோது ஏட்டில் எழுதியவர் ஆழ்வானே. தாம் ஒப்பாத கருத்து வந்தால் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசார்யரின் நியமனம். ஒருநாள் ஆன்மாவின் இயல்பு அறிவுடைமை என்று மட்டும் உடையவர் அருள, எழுத்தாணி நின்றுவிட்டது. சினங்கொண்ட ஆசார்யர் திருவடியால் தள்ளியும் சீடர் அசையவில்லை. அருகிலிருந்தோர் வினவியபோது, உடைமையை உடையவன் தன் திருவுள்ளப்படி கையாளலாம். இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது என்னும் கருத்துப்பட விடை பகர்ந்தார். இறைவனுக்கே உரிய பொருளாயிருத்தலே ஆன்மாவின் தலையாய இயல்பு என்பதை உடையவர் பின்னர் உவந்து ஏற்றார். ஏட்டின் முன் அமர்ந்து இதனைச் சொல்வது எளிது. அச்சொல்லுக்கு ஆழ்வான் விலை கொடுக்க வேண்டிய நாள் பின்னால் வந்தது.

சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று ஓலையில் கையொப்பமிடுமாறு அக்காலச் சோழ மன்னன் வித்வான்களை வற்புறுத்தினான். இராமானுசர் கையொப்பமிடாதவரை மற்றவர் கையொப்பத்தால் பயனில்லை என்று அவனுக்கு எடுத்துச் சொன்னவன் நாலூரான் என்னும் அமைச்சன். இவன் ஆழ்வானிடமே பயின்ற சீடன்! அம்மன்னன் இன்னான் என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒருமித்த கருத்தில்லை. சோழர்கள் திருமால் கோயில்களுக்கு வழங்கிய கொடைகளுக்குக் கல்வெட்டுச் சான்றுகளும் ஏராளம். எனவே ஒருவன் செய்த கொடுமையை ஒரு குலத்தின் மீதோ ஒரு சமயத்தின் மீதோ ஏற்றுதல் தகாது. ஈசுவரன் கோயிலும் பெருமாள் கோயிலும் ஒரே ஊரில் விளங்கக் காணும் நம் கொங்கு நாட்டார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

வீரர்கள் வந்தபோது, ஆழ்வான் ஆசார்யரின் காஷாயத்தை உடுத்து, திரிதண்டத்தை ஏந்தி, தாமே இராமானுசர் என்று சென்றார். முதுமை எய்திய பெரிய நம்பிகளும் உடன் சென்றார். ஆழ்வானின் வெள்ளாடையை உடுத்து உடையவர் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார். அவையில் ஆழ்வான் கையொப்பமிட மறுத்து, சிவம் என்பதும் துரோணம் என்பதும் அளவைப் பெயர்களாதலைக் கொண்டு, சிவத்தினும் துரோணம் பெரிது என்று எழுதினார். மன்னன் சீறினான். பெரிய நம்பிகளின் கண்கள் பறிக்கப்பட்டன. ஆழ்வானோ தம் கண்களைத் தாமே களைந்தார் என்பர். திரும்பும் வழியிலேயே நம்பிகள் தளர்ந்து வீழ்ந்தார். திருவரங்கத்துக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டபோது, சரணடைந்தவனும் ஒரு குறிப்பிட்ட தலத்தில்தான் உயிர் விட வேண்டும் என்று பின்னுள்ளோர் எண்ணிவிடக் கூடாது என்று மறுத்து, ஆழ்வான் மடியிலேயே பரமபதித்தார்.

கண்ணற்றவராய், துணையற்றவராய் அரங்கம் திரும்பிய ஆழ்வானுக்கு அங்கும் ஒரு சோதனை காத்திருந்தது. இராமானுசரைச் சார்ந்தோரைக் கோயிலுக்குள் விடலாகாது என்று அரசாணை இருந்தது. வாயில் காப்போரோ, இவர் எல்லோர்க்கும் நல்லவர், இவரை விடலாம் என்றனர். எந்த அரங்கனுக்காக வாழ்ந்தாரோ அந்த அரங்கனைச் சேவிக்க ஒரே அடிதான் இடைவெளி. ஆழ்வான் அந்த அடியை எடுத்து வைக்கவில்லை. ஆசார்ய சம்பந்தத்தை விலக்கிவிட்டு வரும் தரிசனம் எனக்கு வேண்டா என்று திரும்பி நடந்தார். கண்களை இழந்ததைக் காட்டிலும் இதுவே கடினமானது என்று கூறத் தோன்றுகிறது. கண்களைப் பறிகொடுக்கச் செய்தது பகைவனின் கொடுமை. வாயிலில் எதிர்ப்பட்டதோ நல்லெண்ணத்தின் வடிவில் வந்த தடுமாற்றம். அடிமைத்தனம் என்றால் எதற்கும் தலையாட்டுதல் என்று கருதுவோர் இக்காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் ஆழ்வான் திருமாலிருஞ்சோலையில் அழகரின் நிழலில் தங்கி, சுந்தரபாஹு ஸ்தவம் அருளினார். மீண்டும் உடையவருடன் கூடி வாழும் பேறே அவர் அங்கு வேண்டியது. அதற்கு முன்பே, காடும் மலையும் கடந்து சென்ற உடையவரையும் அடியார்களையும் நீலகிரிச் சாரலில் வேடர்கள் தேனும் தினையும் தந்து உபசரித்திருந்தனர். அடுத்து அவர்க்கு அமுது படைத்து ஆதரித்தவள் நம் கொங்கு நாட்டுப் பெண்மணி. கொங்குப் பிராட்டி என்றே குருபரம்பரை அவளைப் போற்றுகிறது. உடையவர் மேல்கோட்டை சென்று, 12 ஆண்டுகள் அப்பகுதியில் எழுந்தருளியிருந்தார்.

மன்னன் மாண்டபின் உடையவர் அரங்கம் திரும்பினார். சீடரின் ஒளியிழந்த முகத்தைக் கண்டு கண்ணீர் பெருக்கினார். ஆழ்வான் யாரையும் நோகவில்லை. அடியார் ஒருவரின் திருமண்காப்பு கோணலாயிருப்பதாக எப்போதோ எண்ணியிருப்பேன், அதன் பலன் இது என்றார். இச்சொல்லைப் பிறர் துன்பத்திற்கு அளவுகோலாக்குதல் கூடாது. தம்மைக் குறித்து மட்டுமே அவர் சொன்னது இது.

காஞ்சி வரதனிடம் கண்களை வேண்டிப் பெறுமாறு ஆசார்யர் நியமித்தார். வரதராஜ ஸ்தவம் பாடி நின்ற ஆழ்வானிடம் பேரருளாளன் வேண்டும் வரம் யாதெனக் கேட்டான். தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். வரதனும் இசைந்தான்! உடையவர் வருந்தினார். உம் கண்கள் உம்முடையவை அல்லவே, எம் உடைமையன்றோ என்று கேட்டார். அன்று எழுத்தாணியை நிறுத்திய சீடரின் கொள்கையே இன்று ஆசார்யரின் வாயிலாக அவரிடம் திரும்பி வந்தது. வரதனையும் உடையவரையும் மட்டும் காணும் பார்வை அருளப்பெற்றதாகப் பெரியோர் கூறுவர்.

இறுதியில் ஆழ்வான் நம்பெருமாளிடம் பரமபதம் வேண்டிப் பெற்றார். அவரைச் சார்ந்தோர்க்கும் அப்பேறு உண்டென்று அரங்கன் அருளியது கேட்டு, தமக்கும் வீடுபேறு உறுதி என்று உடையவர் தம் காஷாய உத்தரீயத்தை வானில் எறிந்து மகிழ்ந்தார் என்பர். ஆயினும் தம்மை முந்திச் செல்வது ஏன் என்று கலங்கிக் கேட்டார். ஆசார்யர் எழுந்தருளும்போது அங்கு எதிர்கொண்டு வரவேற்கச் சீடன் முன்னதாக இருக்க வேண்டாமா என்றார் ஆழ்வான்.